மறுபந்தி

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் இட்லி மூன்று, சர்க்கரை போடாத காபி. மதியம் சோறு இரண்டு கரண்டி, அவரைக்காய்க் கூட்டு. ராத்திரி கோதுமைத் தோசை இரண்டு.

இப்படி எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "சௌந்தர்ராஜ், வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதுங்க. அடுத்த தடவை வரும்போது கொண்டாங்க" என்றார். ஐம்பது தாண்டிய பிறகு எனக்கு வீட்டுப்பாடம். சிவகாசி காகித வியாபாரி கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

கடலைமிட்டாய் சாப்பிடவில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு இப்படி எழுதுவதே ஒரு விரதம்தான்.

பிப்ரவரி 13

இட்லி மூன்று. மதியம் கேழ்வரகுக் களி. என் மனைவி செண்பகவல்லி டாக்டரைவிடக் கண்டிப்பு.

கல்யாண சீசன் என்பதால் மெஷின் காலையிலிருந்து ஓடுகிறது. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பேப்பர் கப் செய்கிறேன். விளிம்பில் ரோஜாக்கொடி போட்ட கப். டிசைன் நான் தேர்ந்தெடுத்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் கப்பில்தான் தண்ணீர் குடிப்பார்கள். ஊரில் எனக்குப் பெயரே கப்பு அண்ணாச்சி.

பிப்ரவரி 19

இட்லி மூன்று. மதியம் எழுதும்படி ஒன்றும் இல்லை.

மழைக்காலத்தில் செண்பகத்தின் தோழி ரெபேக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் போகிற ஓடை அடைத்துக்கொண்டதுதான் காரணம். இன்றைக்குத்தான் அதைத் தோண்ட ஆள் வந்திருக்கிறார்கள். செண்பகமும் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள், ஓடையிலிருந்து எடுத்து வந்த ஒரு கப்பைக் கழுவித் துடைத்து டிவி மேல் வைத்தாள். ரோஜாக்கொடி கப்.

"எதுக்கு இங்க வைக்க?" என்றேன்.

"சும்மா. எத்தனை மாசம் சகதிக்குள்ள கெடந்ததோ, ரோஜாப்பூ அப்படியே இருக்கு பாருங்க."

மை நல்ல மை என்று சொன்னேன். 

மார்ச் 3

செண்பகமும் ரெபேக்காவும் மகளிர் குழுவில் இன்னும் சில பெண்களும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டு முற்றம் முழுக்க எவர்சில்வர் டம்ளர், கிண்ணம், தட்டு. கல்யாணத்துக்கு வாடகைக்குக் கொடுப்பார்களாம். பந்தி எழுந்ததும் அங்கேயே கழுவி அடுத்த பந்திக்குத் தருவார்களாம். சாப்பாட்டுக்கு வாழை இலை இருக்கிறது. தண்ணீருக்கும் காபிக்கும் பாயசத்துக்கும்தான் கப். வரவேற்பு என்றால் பேப்பர் தட்டு. அந்த இடத்தில் இவர்கள் நுழைகிறார்கள்.

"பேரு என்ன?"

"மறுபந்தி."

"யாரு வச்சது?"

"நான்தான். நல்லாருக்கா?"

நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

இதனால் என் வியாபாரத்துக்கு ஒன்றும் ஆகாது. எந்த மண்டபத்துக்காரன் டம்ளர் கழுவுவதற்கு நேரம் கொடுப்பான்? எனக்குக் கவலை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மறுபந்தியின் முதல் வேலை, பங்களாத் தெருவில் ஒரு காதுகுத்து. அந்தப் பக்கம் எனக்கும் ஒரு வேலை இருந்ததால் எட்டிப் பார்த்தேன். தாகமாக இருந்தது. தண்ணீர் குடித்தேன். அவர்கள் டம்ளரைக் கழுவி வைத்த பிறகு அதில் இன்னொரு தடவை குடித்தேன். மூன்றாவது தடவை போனபோது செண்பகம் பின்கட்டிலிருந்து பார்த்துவிட்டாள்.

"சுகர் கூடிருச்சா? இப்பிடித் தண்ணி குடிக்கீங்க?"

வெயில் என்றேன். டம்ளரில் வாடை எதுவும் இல்லை.

மார்ச் 14

டாக்டரிடம் போனேன். டைரியை எடுத்துப் போக மறந்துவிட்டது. சாப்பாட்டுக்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்க வேண்டும்.

மார்ச் 22

கொட்டகையில் பழைய இரும்புக் கம்பி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய், டம்ளர் கவிழ்த்து அடுக்குகிற மாதிரி கூடைகள் செய்யச் சொன்னேன். இடம் காலியாயிற்று.

"யாருக்கு இது?" என்றாள் செண்பகம்.

"யாருக்காவது ஆகும்."

அவள் ஒரு டம்ளரை எடுத்துச் செருகிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. "யாருக்கோ செஞ்சது எங்க டம்ளருக்குச் சரியா இருக்கே" என்றாள். சில சமயம் அப்படி அமைந்துவிடும்.

மார்ச் 30

மூன்று கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. மூன்றும் மறுபந்திக்குப் போயிருக்கிறது. கவலை இல்லை. மெஷினுக்கும் ஓய்வு வேண்டும்.

ஏப்ரல் 12

குழாயில் இன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.

ஏப்ரல் 16

மண்டப மேனேஜர் குத்தாலம் வீட்டுக்கு வந்தார். ஊரில் பெரிய கல்யாணங்கள் எல்லாம் அவர் மண்டபத்தில்தான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"செண்பகம்மா, நான் நேராவே சொல்லுதேன். லாரித் தண்ணி வாங்கிக் கல்யாணம் நடத்துதேன். சமையலுக்கே பத்தல. நீங்க தொட்டி தொட்டியா ஊத்தி டம்ளர் கழுவுதீங்க. ஓடைய நல்லாக்குதோம்னு சொல்லிக்கிட்டு குடிதண்ணியக் காலி பண்ணுனா அது என்ன நியாயம்? கப்பு அண்ணாச்சி கப்பைப் போட்டா ஒரு சொட்டு தண்ணி செலவில்ல. இனிமே எங்க மண்டபத்துக்கு வேண்டாம்."

ரெபேக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செண்பகம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. நான் அதை யோசிக்கல" என்றாள்.

அவர் என் பக்கம்தான் பேசினார். என் வியாபாரத்துக்குத்தான் நல்லது சொன்னார். ஆனாலும் அவர் செருப்பு மாட்டும்போது நான் வாசல்வரை போகவில்லை.

ஏப்ரல் 17

செண்பகம் காலையிலிருந்து முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு கூடை டம்ளருக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்று ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரையே வேப்பங்கன்றுக்கு ஊற்றினாள். உப்புமாவில் உப்பில்லை. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

இன்றைக்கும் உப்பில்லை.

ஏப்ரல் 21

உரக்கடையில் ஒரு கைப்பம்பு வாங்கினேன். பருத்திக்கு மருந்தடிக்கத் தோளில் மாட்டிக்கொள்வார்களே, அதுதான். புதுசு, மருந்தே படாதது. முனையை மாற்றினால் பனி மாதிரித் தூவும். கூடையைச் சாய்த்து வைத்து டம்ளருக்குள் தூவினால், ஒரு குடத்தில் முடிகிற வேலை ஒரு செம்பில் முடியும் என்று நினைக்கிறேன். கப் மெஷினில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஏதாவது தோன்றும்.

முற்றத்தில் வைத்தேன். செண்பகம் சுற்றி வந்து பார்த்தாள். தோளில் மாட்டி அடித்தும் பார்த்தாள். சிரித்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பருப்புக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன மறுபந்தி, சாயங்காலம் சீக்கிரமே திரும்பிவிட்டது. செண்பகம் நேராகக் குளிக்கப் போனாள். ரெபேக்காதான் சொன்னாள்.

"பாயசத்துல சோப்பு வாடைண்ணே. மாப்பிள்ளையோட பெரியப்பா கிண்ணத்தைத் தூக்கி அக்கா முன்னாடி வச்சு, 'நீயே குடி'ன்னுட்டாரு. அக்கா குடிச்சா. குடிச்சிட்டு, 'ஆமா ஐயா, எங்க தப்புதான்'னு கையெடுத்துக் கும்பிட்டா. பம்புல கழுவுனதுல சோப்பு சரியா போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லல."

இன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 28

காலையில் அவள் கிண்ணங்களைத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பம்பு சரியில்ல போலருக்கு."

"பம்பு நல்ல பம்பு. சோப்புதான் கூட. இவ்வளவு நுரையும் போகணும்னா நீங்க பனி மாதிரி தூவுனா பத்தாது."

"என் வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்த பம்புன்னு அவுகட்ட சொல்லிருக்கலாம்லா."

"எதுக்கு? கம்பெனி எங்களோடது. நல்லாருந்தா மட்டும் எங்களுது, கெட்டா உங்களுதா?"

நான் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தேய்த்தேன். அவள் ஒரு கிண்ணத்தை. 

பிறகு அவளாகவே சொன்னாள்: "பட்டுச்சேலைக்குப் பூந்திக்கொட்டை ஊற வச்சு அலசுதோம்லா. நுரை அடங்கிரும், வாடையும் இருக்காது. அதைப் போட்டுப் பாப்பமா?"

"எண்ணெய்ப்பிசுக்கு போகாது."

"வெந்நீர்ல போட்டா?"

வெந்நீர் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவளிடம், எனக்கும் தோன்றியது, நானே சொல்ல வந்தேன் என்றேன். அவள் சிரித்தாள்.

மே 2

மூன்று தொட்டி. முதலில் மிச்சத்தை வழித்து மாட்டுத்தீவனக் கூடையில் போட வேண்டும். முதல் தொட்டியில் பூந்திக்கொட்டை வெந்நீர். இரண்டாவதில் அலசல். மூன்றாவதில் பம்பு. பம்புத் தண்ணீர் வழிந்து இரண்டாவது தொட்டிக்கு வரும். இரண்டாவது கலங்கினால் அது முதல் தொட்டிக்குப் போகும். முதல் தொட்டித் தண்ணீர் மரத்துக்கு. எந்தத் தண்ணீரும் ஒரு வேலை பார்த்துவிட்டுச் சும்மா போகக்கூடாது என்பது செண்பகத்தின் சட்டம். தொட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிபோல் நிறுத்த ஸ்டாண்டு நான் அடித்தேன். கையில் கொப்புளம்.

மே 4, ஞாயிறு

குத்தாலத்தை அழைத்து வந்து செய்து காட்டினார்கள். எல்லாக் கூடையும் கழுவி முடித்தபோது அவர் தண்ணீர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஒரு டம்ளரை எடுத்து முகர்ந்தார். வேறொன்றை எடுத்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணாச்சி. நீங்க அன்னைக்கு அப்படிப் பேசலைன்னா நாங்க இதைச் செஞ்சிருக்க மாட்டோம்" என்றாள் செண்பகம்.

குத்தாலம் உட்கார்ந்தார். காபி குடித்தார். ஒரு கல்யாணம் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். இந்தத் தடவை வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

மே 15

சம்பா ரவை உப்புமா. அரை மாம்பழம். சின்ன மாம்பழம்.

பஞ்சு வியாபாரி ஜெயபால் முதலாளியிடமிருந்து ஆள் வந்தார். ஜூனில் மகள் கல்யாணம். கப்பில் பெண், மாப்பிள்ளை பெயர் அச்சடித்து, தட்டு, கிண்ணம் எல்லாமே என்னிடம் வேண்டுமாம். இந்த வருஷம் இதைவிடப் பெரிய ஆர்டர் வராது.

மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன்.

அவர் கொட்டகைப் பக்கம் காதைக் கொடுத்தார். "உள்ள ஓடுத சத்தம் கேக்கே அண்ணாச்சி."

"ஓடும். கப் ஒழுகும்."

"எப்ப சரியாவும்?"

"சொல்ல முடியாது. பெரிய வேலை." பிறகு, வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று, மறுபந்தியைப் பற்றிச் சொன்னேன். பெரிய இடத்துக் கல்யாணத்தில் எவர்சில்வர்தான் மரியாதை என்றும் சொன்னேன்.

"யாரு நடத்துதா?"

"என் வீட்டுக்காரி. ஆனா அவ தொழில் தனி, என் தொழில் தனி."

வழக்கமாக வாங்குகிற டீக்கடைக்காரர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் மட்டும் கப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மெஷின் வேறு அடிக்கடி சூடாகிறது. கொஞ்சம் சூடாகிறது.

மே 16

செண்பகம் ஓடி வந்தாள். "ஜெயபால் முதலாளி வீட்டுக் கல்யாணம் நமக்குங்க. அவுகளே கூப்பிட்டாக. நம்ம பேரு அவுகளுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

ஊருக்கே தெரியும் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எனக்குக் கடலைமிட்டாயில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தாள். இதை எழுதியிருக்கக் கூடாது.

மே 28

மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். இந்த வாரம் ஆர்டர் இல்லை. கொட்டகை அமைதியாக இருந்தால் வீட்டில் பேசுவது எல்லாம் கேட்கிறது. செண்பகமும் ரெபேக்காவும் எந்தப் பெண்ணுக்கு எந்தத் தொட்டி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செண்பகம் இவ்வளவு பேசுவாள் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. மெஷின் சத்தத்தில் கேட்டதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இட்லி இரண்டு, விடியற்காலையில். மற்றது பிறகு சொல்கிறேன்.

ஜெயபால் முதலாளி மகள் கல்யாணம், குத்தாலத்தின் மண்டபத்தில். பம்பு பழுதானால் பார்க்க ஆள் வேண்டும் என்று ரெபேக்கா சொன்னதால் போனேன். தட்டு, டம்ளர், தொட்டி எல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றி, எங்கள் டிரம்மில் தண்ணீரும் கொண்டுபோயிருந்தோம். மீதித் தண்ணீர் மண்டபத்து லாரியில் வரும் என்று ஏற்பாடு.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்காரும்போது குத்தாலம் பின்கட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"லாரி வழியில நின்னுபோச்சாம். தொட்டியில இருக்கது சமையலுக்கும் கை கழுவவும்தான் காணும். உங்களுக்குச் சொட்டு தர முடியாது. கூட்டம் வேற நெனச்சதுக்கு மேல வந்துருக்கு."

பெண்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுச் செண்பகத்தைப் பார்த்தார்கள். குத்தாலம் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க கொட்டகையில கப் ஸ்டாக் இருக்கும்லா? ஆட்டோவை அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மானத்தைக் காப்பாத்துங்க."

இருந்தது. ரோஜாக்கொடி கப், மூட்டை மூட்டையாக. கால் மணி நேரத்தில் வந்துவிடும். செண்பகம் என் பக்கம் திரும்பவேயில்லை. டிரம் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்னிடம் எதுவும் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள்.

"இருக்கு. தர மாட்டேன்" என்றேன்.

"அண்ணாச்சி, வெளையாடாதீங்க."

"வெளையாடல. இந்த டிரம் தண்ணி போதும். இவ சமாளிப்பா."

குத்தாலம் தலையில் கை வைத்தார். செண்பகம் அப்போதுதான் திரும்பினாள்.  ரெபேக்காவிடம், "முதல் தொட்டி வெந்நீரை மாத்தாத. வழிச்சுப் போடுததை இன்னும் நல்லா வழிக்கச் சொல்லு. ரெண்டாவது தொட்டியில பாதிதான் ஊத்தணும்" என்றாள். பம்பு பிடிக்கிற பெண்ணை வழிக்கும் இடத்துக்கு அனுப்பினாள். பம்புக்கு ஆள் இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டி, பம்பைத் தோளில் மாட்டினேன்.

முதல் பந்தி டம்ளர் வந்தது. தூவினேன். கூடை நகர்ந்தது, அடுத்த கூடை வந்தது. பந்தியில் பரிமாறுகிற பையன்கள் எட்டிப் பார்த்து, "கப்பு அண்ணாச்சி டம்ளர் கழுவுதாரு" என்று சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் சிலரும் வந்து பார்த்தார்கள். ஜெயபால் முதலாளியின் ஆள் வந்து, "மெஷின் சரியாகலையா அண்ணாச்சி?" என்றார். இல்லை என்றேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அடுத்த தொட்டியில் நின்ற செண்பகம் என் தோளைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டை மடித்துப் பம்பு வாருக்கு அடியில் செருகினாள். என் மூக்கில் வழிந்த வியர்வையைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாரி வரவேயில்லை. கடைசிப் பந்திக்கும் டம்ளர் காய்ந்து, பளபளவென்று போயிற்று. பாயசம் குடித்துவிட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. நானே தூணருகில் நின்று பார்த்தேன். டிரம்மில் அடித்தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கலங்கிய தண்ணீரைப் பெண்கள் மண்டபத்துத் தென்னைகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினார்கள்.

குத்தாலம் வந்தார். "ஆவணி முகூர்த்தம் எல்லாத்துக்கும் நீங்களே வந்துருங்கம்மா" என்றார். என்னைப் பார்த்து, "உங்களை நம்பித்தான் அண்ணாச்சி அவுகளை விட்டேன்" என்றார்.

"என்னை நம்ப வேண்டாம். அவுகளை நம்புங்க" என்றேன்.

பிறகுதான் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, சாம்பார், அவியல், அப்பளம், வடை. பாயசம் இரண்டு கிண்ணம். செண்பகம்தான் இரண்டாவதையும் என் பக்கம் நகர்த்தினாள்.

வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினோம். ரெபேக்காவும் மற்றவர்களும் பஸ்ஸில் போனார்கள். லோடு ஆட்டோவில் முன்சீட்டில் டிரைவரோடு நாங்கள் இரண்டு பேரும். செண்பகம் நடுவில்.

"மெஷின் நல்லாத்தான் ஓடுது" என்றாள். "நேத்து நீங்க கடைக்குப் போனப்ப போட்டுப் பாத்தேன். கப்புல தண்ணி ஊத்தி வச்சேன். ஒழுகல."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எப்ப இருந்து தெரியும்?" என்றேன்.

"ஜெயபால் முதலாளி வீட்டு ஆளு அன்னைக்கே சொல்லிட்டாரு. 'கப்பு அண்ணாச்சிதாம்மா உங்களைப் பத்திச் சொன்னாரு. எவர்சில்வர்தான் மரியாதையாம்'னாரு."

"மெஷினை வித்துருவமா?" என்று கேட்டேன். சொன்ன பிறகுதான், எத்தனையோ நாளாக அதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

வேண்டாம் என்று தலையாட்டினாள். "யாருட்ட வித்தாலும் அவன் கப்புதான் போடுவான். ஓடை வேற ஊர்ல அடைக்கும்." பிறகு, "அதுல சூட்டுக் காத்து வருதுல்லா, கப்பு ஒட்டுததுக்கு? டம்ளர் காய வைக்க ஆகுமா?"

கொஞ்சம் யோசித்தேன். "குழாயை மாத்தணும். பாக்கணும்."

"பாருங்க. அவசரம் இல்ல."

கொட்டகையை நினைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். வலிக்கிற தோள்தான். அவள் விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். பள்ளத்தில் இறக்காமல், நாலுவழிச் சாலையில் சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்றேன்.

"பாத்திரம் அடிபடுமேன்னு பாக்கீங்களா அண்ணாச்சி?" என்றான்.

ஆமாம் என்றேன்.